தூத்துக்குடியில் தொழிற்சாலைச் சட்டங்கள்

தூத்துக்குடி நகரிலும் அதனை ஒட்டிய மன்னார் வளைகுடாக் கரையிலும் உள்ள ஆலைகள், துறைமுகம், உப்பளங்கள், கடல் உணவுக் கூடங்கள் ஆகியவற்றில் பணிபுரிவோரின் பாதுகாப்பு, உடல்நலம், நலவசதிகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் பற்றியது இக்கட்டுரை. இவற்றுள் முதன்மையானது தொழிற்சாலைகள் சட்டம், 1948 ஆகும். இது 1949 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொகுப்புச் சட்டம் இதன் இடத்தைப் பிடித்தது. ஒரே கடற்கரையில் வேலை செய்பவர்களாயினும் ஆலைத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி, உப்பளத் தொழிலாளி, சங்கு குளிப்பவர் ஆகிய நால்வரும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்லர். "தொழிற்சாலை" என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் வரையறையே இதற்குக் காரணமாகும்.

தொடக்ககாலச் சட்டங்கள்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881 இல் இயற்றப்பட்டது. நூறு அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும், இயந்திர விசையால் இயங்கும் ஆலைகளை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைப்பதை அது தடைசெய்தது. ஆபத்தான இயந்திரப் பகுதிகளைச் சுற்றித் தடுப்பு அமைக்கவும் கூறியது. 1891 ஆம் ஆண்டுத் திருத்தம் குழந்தைகளின் குறைந்தபட்ச வயதை ஒன்பதாக உயர்த்தியது. பெண்களின் வேலை நேரம் 11 மணி, குழந்தைகளின் வேலை நேரம் 7 மணி என வரையறுக்கப்பட்டது. நண்பகல் இடைவேளையும் வார விடுமுறையும் இத்திருத்தத்தால் சட்டத்தில் இடம்பெற்றன. வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு எந்த வரம்பும் விதிக்கப்படவில்லை.

கோரல் ஆலை வேலைநிறுத்தம்

ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் நூற்பாலை தூத்துக்குடியில் 1880களின் இறுதியில் தொடங்கப்பட்டது. 1908 பெப்ரவரி 27 அன்று அதன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். ஊதிய உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள் ஆகியன முக்கியக் கோரிக்கைகளாகும். இவற்றுள் வார விடுமுறை, அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது என்பது கருதத்தக்கது. ஏட்டில் இருந்த உரிமையைப் பெறுவதற்கே தொழிலாளர் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. தொழிற்சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு (1926) கிடைப்பதற்கும், சென்னைத் தொழிலாளர் சங்கம் (1918) தோன்றுவதற்கும் முற்பட்ட நிகழ்வு இது.

மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் நிர்வாகம் ஊதிய உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் உடன்பட்டது. மார்ச் 12 அன்று வ. உ. சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கலவரமும், துப்பாக்கிச் சூடும், பின்னர் வ. உ. சி.க்கு விதிக்கப்பட்ட கடுந்தண்டனையும் பரவலாக அறியப்பட்டவை. அவற்றின் நிழலில் இந்த வேலைநிறுத்தம் தொழிலாளர் சட்ட வரலாற்றில் பெறவேண்டிய இடத்தைப் பெறாமல் போயிற்று.

அதே 1908 ஆம் ஆண்டில் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. அதன் உறுப்பினரான சென்னையைச் சேர்ந்த டாக்டர் டி. எம். நாயர் (பின்னாளில் நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவர்) பெரும்பான்மையினரிடமிருந்து வேறுபட்டு, வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தையும் சட்டமே நேரடியாக வரையறுக்க வேண்டும் எனத் தனிக்குறிப்பு எழுதினார். 1911 ஆம் ஆண்டுச் சட்டம் நெசவு, நூற்பு ஆலைகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி என்ற வரம்பை விதித்தது. 1922 இல் வாரத்துக்கு 60 மணியாகவும், 1934 இல் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் 54 மணியாகவும், 1946 இல் 48 மணியாகவும் இது குறைந்தது.

1948 ஆம் ஆண்டுச் சட்டம்

மின்விசை பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர், பயன்படுத்தாத இடத்தில் இருபது பேர் என்பதே இச்சட்டத்தின்படி தொழிற்சாலைக்கான அளவாகும். பதினான்கு வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைப்பது தடைசெய்யப்பட்டது.

இயந்திரப் பாதுகாப்பைப் பொறுத்தவரை 21, 22 ஆம் பிரிவுகள் முக்கியமானவை. சுழலும் பகுதிகளுக்கு உறுதியான காப்புத் தடுப்பு வேண்டும். இயந்திரம் ஓடும்போது தடுப்பை அகற்றலாகாது. ஓடும் இயந்திரத்தை ஆராய வேண்டிய கட்டாயம் நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்ற வளர்ந்த ஆண் தொழிலாளி மட்டுமே அதனைச் செய்யலாம். அவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும். அவ்வுடையை ஆலை உரிமையாளரே வழங்க வேண்டும். தளர்ந்த வேட்டி நுனியோ துண்டோ பட்டையில் சிக்கி உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை எண்ணினால் இவ்விதியின் பொருள் விளங்கும். நூற்பாலைகளில் பஞ்சு பிரிக்கும் இயந்திரத்தின் அருகே பெண்களையும் குழந்தைகளையும் வேலைக்கு அமர்த்துவதற்கு 27 ஆம் பிரிவு தடை விதித்தது.

நலவசதிகள் தொழிலாளர் எண்ணிக்கையைப் பொறுத்தவை. 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை, 250 பேருக்கு மேல் உணவகம், 500 பேர் இருந்தால் நல அலுவலர், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் என்பன விதிகள். பெண்களின் இரவுப்பணித் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் செல்லாது என அறிவித்தது.

துறைமுகம்

தூத்துக்குடியின் பழைய துறைமுகம் ஆழமற்றது. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட, சரக்குகள் தோணிகளில் ஏற்றி இறக்கப்பட்டன. ஆழ்கடல் துறைமுகம் 1974 சூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 இல் அதற்கு வ. உ. சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது. ஆலைத் தொழிலாளருக்காகச் சிறை சென்றவரின் பெயரைத் துறைமுகம் தாங்கி நின்றாலும், அங்குச் சரக்கு ஏற்றி இறக்குவோரைத் தொழிற்சாலைகள் சட்டம் காக்கவில்லை. கப்பல் கட்டுதல், பழுதுபார்த்தல், உடைத்தல் ஆகியன மட்டுமே அச்சட்டத்தில் உற்பத்தி வேலையாகக் கருதப்பட்டன.

சரக்கு கையாள்வோருக்காக 1934 இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1986 ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் (பாதுகாப்பு, உடல்நலம், நலன்) சட்டமும் 1990 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் வந்தன. கிரேன் முதலிய பளுதூக்கிகளைத் தகுதிபெற்ற வல்லுநர் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஆராய்ந்து சான்றளித்தல், தாங்கக்கூடிய எடையை அவற்றின் மீதே எழுதிவைத்தல், கப்பல் சரக்கறைகளின் திறப்புகளுக்குத் தடுப்பு அமைத்தல், இரவில் போதிய வெளிச்சம் ஆகியவை இவ்விதிகளில் அடங்கும். ஆலைகளை மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆய்வு செய்கிறது. பெருந்துறைமுகங்களில் இப்பணி நடுவண் அரசைச் சேர்ந்தது.

உப்பளங்கள்

கூரையும் சுவரும் இல்லாத உப்பளம் தொழிற்சாலையாகுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அர்தேசிர் பிவண்டிவாலா எதிர் பம்பாய் மாநிலம் என்ற வழக்கில், 1961 இல், ஆகும் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடல்நீர் உப்பாவதற்கு வெயில் மட்டுமே காரணமன்று. பாத்தி கட்டி, நீரின் அடர்த்தியைப் பார்த்து மாற்றி, உப்பை வாரியெடுக்கும் மனித உழைப்பும் காரணம் என்பது தீர்ப்பின் அடிப்படை. "வளாகம்" என்ற சொல் திறந்த நிலத்தையும் குறிக்கும் எனவும் விளக்கப்பட்டது.

இத்தீர்ப்பு பம்பாய் உப்பளம் ஒன்றைப் பற்றியதாயினும், அதன் பயன் பெறத்தக்கவர்களுள் தூத்துக்குடித் தொழிலாளர்கள் முன்வரிசையில் உள்ளனர். நிழலின்மை, வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியால் கண்ணுக்கு நேரும் கேடு, உவர்நீரில் நின்று வெடிக்கும் பாதங்கள், குடிநீர்த் தட்டுப்பாடு ஆகியவை இத்தொழிலின் இடர்கள். ஆனால் இங்குப் பல அளங்கள் சிறியவை. ஒப்பந்த அடிப்படையில் சிலரை மட்டும் வைத்து நடத்தப்படுபவை எண்ணிக்கை வரம்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன. குறைந்த எண்ணிக்கையினர் பணிபுரியும் இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்க 85 ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. மழைக்காலத்தில் உற்பத்தி நின்று வேலையிழப்பவர்களுக்கு 2020களின் தொடக்கம் முதல் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கிவருகிறது.

முத்தும் சங்கும் குளிப்போர்

பாண்டியர் காலந்தொட்டுப் புகழ்பெற்ற இத்தொழில் எந்தத் தொழிற்சாலைச் சட்டத்துக்கும் உட்பட்டதன்று. குளிப்பவர் கல்லின் எடையால் கீழிறங்குவார். படகில் கயிறு பிடித்திருப்பவர் அசைவறிந்து அவரை மேலே இழுப்பார். உயிர்க்காப்பு அந்தக் கயிறு பிடிப்பவரின் கவனமே. சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட "கடற்கட்டி" என்பவருக்கும் சிப்பியில் பங்கு தரப்பட்டது. பாதுகாப்பு அலுவலர் என்று சொல்லத்தக்க ஒருவர் அக்காலத்தில் இருந்தாரெனில் அவர் இவரே. இக்கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961 இல் முடிந்தது. சங்குகுளிப்பு தொடர்கிறது, காற்றழுத்தி இயந்திரத்திலிருந்து குழாய் வழியே மூச்சுவிட்டுக் குளிக்கும் முறையும் வழக்கில் உள்ளது. இயந்திரம் நின்றாலோ குழாய் மடங்கினாலோ மரணம் நேரலாம். கடலடி "வளாகம்" ஆகாது என்பதால் அவ்வியந்திரத்தை ஆய்வு செய்யத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு வழியில்லை.

இடர்மிகு தொழில்கள்

1984 போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின், 1987 இல், இடர்மிகு செய்முறைகள் குறித்த அத்தியாயம் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆபத்துகளைத் தொழிலாளருக்கு மட்டுமன்றிச் சுற்றுவட்டார மக்களுக்கும் நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என 41ஆ பிரிவு கூறியது. உடனடி ஆபத்து எனத் தொழிலாளர் அஞ்சினால் அதனை நிர்வாகத்திடம் எடுத்துரைக்கும் உரிமையும் தரப்பட்டது.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின்போது 2018 மே 22, 23 ஆகிய நாள்களில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அதே மாதம் 28 ஆம் நாள் ஆலையை மூட மாநில அரசு ஆணையிட்டது; அதனை எதிர்த்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது. ஆலை மூடப்பட்டது நீர், காற்று மாசுத் தடுப்புச் சட்டங்களின் கீழே அன்றித் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் அன்று.

குளிரூட்டலுக்கு அம்மோனியா பயன்படுத்தும் கடல் உணவுக் கூடங்களும் இடர்மிக்கவையே. 2024 சூலையில் தூத்துக்குடி அருகே அத்தகைய ஆலை ஒன்றில் வாயு கசிந்து, வெளிமாநிலத்தவர் உட்படப் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

புதிய தொகுப்புச் சட்டம்

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் அது திரும்பப் பெறப்படுவதாக மே நாளன்று முதலமைச்சர் அறிவித்தார்.

பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு, 2020 என்னும் நடுவண் சட்டம் தொழிற்சாலைகள் சட்டம், துறைமுகத் தொழிலாளர் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றாக்கியது. இதில் தொழிற்சாலைக்கான அளவு மின்விசையுடன் இருபது, மின்விசையின்றி நாற்பது என இரட்டிப்பாக்கப்பட்டுள்ளது. பத்துப் பேர் உள்ள நிறுவனங்களுக்கு இச்சட்டத்தின் பொதுவான கடமைகள் பொருந்தும். தொழிற்சாலைகளுக்கே உரிய விதிகள் பொருந்தா. தூத்துக்குடியின் சிறு பட்டறைகளும் உப்பளங்களும் இந்த இடைவெளியில் அமைகின்றன.