நூல் நூற்ற ஊரும் நூல் எழுதியோரும்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். நன்னூலார் பவணந்தி முனிவர் இவ்விரண்டையும் இணைத்து, சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் உருவகித்தார். நூற்கும் பெண்ணாக அவர் கண்டது புலவனை! இழையால் வாழும் திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டையும் பற்றி எழுந்த ஆய்வு நூல்களை நோக்குவோர்க்கு இவ்வுருவகம் ஒரு வினாவை எழுப்பும். நூற்ற பெண்ணின் கை அந்நூல்களில் எங்கே உள்ளது?

நொய்யற்கரையின் பழமையை நிறுவியது கொடுமணல் அகழாய்வாகும். பதிற்றுப்பத்து குறிப்பிடும் அவ்வூரில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிட்டின. சுடுமண் தக்களி வட்டுகளும் வெளிப்பட்டு, நூற்பின் தொன்மைக்குச் சான்றாயின. அகழாய்வாளர் கா. ராஜன் கொங்கு நாட்டுத் தொல்லியலை 1994இல் தனி நூலாகத் தந்தார்.

வாழும் சமூகத்தை ஆராய வந்தவர்களுள் பிரெண்டா பெக் முதன்மையானவர். காங்கயம் பகுதியிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கி அவர் செய்த ஆய்வு, வலங்கை இடங்கைப் பிரிவுகளை விளக்கும் நூலாக 1972இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பெற்றது. அண்ணன்மார் கதையை உடுக்கையடிப் பாடகர் பல இரவுகள் பாட, 1965இல் அவர் அதனை ஒலிநாடாவில் பதிந்தார். அக்கதை பற்றிய அவரது ஆய்வு 1982இல் இந்தியானா பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. கதைப்பாடமோ 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் தமிழும் ஆங்கிலமுமாக அச்சேறியது. பாடியவரின் மொழிக்கே பாட்டுத் திரும்பிய அந்நிகழ்வு போற்றத்தக்கது. 2023இல் டொராண்டோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவரது நூல், இக்கதையை உலகின் பிற காவியங்களோடு ஒப்பிடுகிறது.

பொருளியல் வரலாற்றில் கிறிஸ்டோபர் பேக்கர் 1984இல் வெளியிட்ட தமிழக நாட்டுப்புறம் பற்றிய நூல், ஆற்றுப்பாசன நிலத்தினின்றும் வேறான தனி நிலமாகக் கொங்கைக் காட்டிற்று. கிணற்றுப் பாசனமும் பருத்தியும் வளர்த்த குடிகளின் பிள்ளைகள் பனியன் கம்பெனிகளில் தொழிலாளராய் நுழைந்து முதலாளிகளாய் உயர்ந்த வரலாற்றை சரத் சாரி ஆராய்ந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2004இல் அதனை வெளியிட்டது. வெற்றிக்குக் காரணமாக அம்முதலாளிகள் கூறிய ஒரே சொல் 'உழைப்பு' என்பதை அவர் கருப்பொருளாக்கினார். அச்சொல்லின் பெருமை எல்லார்க்கும் வாய்க்கவில்லை என்பதும் அவர் ஆய்வின் முடிபாகும். ஏற்றுமதி பெருகிய காலத்தில் திரளாக வந்து உழைத்த பெண்களுக்கு அவ்வுழைப்பு முதலாளியாகும் வழியைத் திறக்கவில்லை.

இம்முடிபு திருப்பூரின் பழைய வரலாற்றுக்கும் பொருந்தும். 1932 சனவரியில் கொடி காத்து உயிர்நீத்த குமரனை நாடறியும். அக்காலக் கதருக்கு இராட்டையில் நூற்றுத் தந்த சிற்றூர்ப் பெண்களின் பெயரை அறிந்தோர் அரியர். பஞ்சப்படி கேட்டு 1984இல் 127 நாள் நடந்த வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றில் இடம் பெற்றுள்ளது. அந்நாள்களில் அடுப்பெரிய வழி தேடிய மனைவியரின் வரலாறு அவர்தம் நினைவிலேயே தங்கிவிட்டது.

ஆய்வு எட்டாத இடத்தை இலக்கியம் தொட்டதுண்டு. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இலேயே, நிலத்தில் தன் பங்கைக் கேட்ட கொங்குக் கைம்பெண்ணின் கதையைச் சொல்லிற்று. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998இல் சாயக்கழிவு பாய்ந்த ஊரின் அவலத்தைப் பேசிற்று. சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2011இல்தான். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்து, மக்கள் வழக்குக்கு அகராதித் தகுதி அளித்தது.

பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் பணி நன்றிக்குரியது. ஆயினும் ஆங்கிலத்தில் அமைந்த அந்நூல்கள், தம்மிடம் வாய்மொழி தந்தவர்களை எளிதில் சென்றடைவதில்லை. சம்பளச் சிட்டைகளும், வேலைநிறுத்தத் துண்டறிக்கைகளும், பழைய கணக்கேடுகளும் பரண்களில் செல்லரித்து வருகின்றன. பிசிறு வெட்டியும் செக்கிங் பார்த்தும் முதுமை எய்திய பெண்கள் தம் கதையை உடன்கொண்டே மறைகின்றனர். அவற்றைத் திரட்டப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. செவிமடுக்கும் பொறுமையும், கேட்ட சொல்லை மாற்றாமல் எழுதும் நேர்மையுமே வேண்டும். இவ்விரண்டும் கவிஞர்க்கு உரிய பண்புகளேயாம். புலவனை நூற்கும் பெண்ணாகக் கண்டது தமிழ் இலக்கணம். நூற்ற பெண்ணைப் புலவர்கள் காண்பதே அதற்குரிய கைம்மாறு.