மாட்டுக்கறி, பருப்பு, முட்டை: நம் தட்டின் வரலாறு

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பிரியாணி. 1957இல் தொடங்கிய தலப்பாக்கட்டிக் கடையின் புகழ் இன்று கடல் கடந்துவிட்டது. சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் ஊரின் பெருமை. அதே ஊரில் மாட்டுக்கறியைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம் பிள்ளைகள் குரலைத் தாழ்த்துகிறார்கள். கொழுப்பு நீக்கிய கறி 100 கிராம் எடுத்தால் ஆட்டிலும் மாட்டிலும் புரதம் ஏறக்குறைய 20 கிராம்தான். இரண்டும் வயிற்றில் அமினோ அமிலங்களாகத்தான் உடைகின்றன. தசை, இரத்தம், நோய் எதிர்ப்பு எல்லாம் அவற்றிலிருந்து கட்டப்படுகின்றன. குடலுக்குத் தெரியாத வேறுபாடு ஊருக்கு எப்படித் தெரிந்தது?

அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர்' நூலில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். பார்ப்பனர்கள் மாட்டிறைச்சியைக் கைவிட்டுப் பசுவைப் புனிதமாக்கினர். ஊருக்கு வெளியே வாழ்ந்த சிதறுண்ட மக்கள் அதைத் தொடர்ந்து உண்டனர். அதுவே அவர்கள்மீது தீண்டாமையைச் சுமத்தக் காரணமாயிற்று என்பது அவருடைய வாதம். இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் உணவை அரசியல் கேள்வியாக மாற்றியவர் அவர்.

இங்கே ஒரு வேறுபாட்டை இளம் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டுவிடுங்கள் என்றார் அம்பேத்கர். அது மாட்டுக்கறிமீதான அருவருப்பு அல்ல. செத்த மாட்டைத் தூக்குவது ஊர் நம்மீது சுமத்திய கட்டாய வேலை. கூலிக்குப் பதிலாகக் கறி. அந்த அடிமை முறையைத்தான் அவர் உதறச் சொன்னார். விரும்பியதை வாங்கி உண்ணும் உரிமையும், திணிக்கப்பட்டதை மறுக்கும் உரிமையும் ஒரே சுயமரியாதையின் இரண்டு பக்கங்கள்.

திண்டுக்கல்லில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இது தோல் ஷாப்புகளின் ஊர். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் ஏற்றுமதியாகிப் பணமானது. அந்த வணிகத்தில் தோலுக்குத் தீட்டு இல்லை. தோலை உரித்த கைக்கும், கறியை உண்ட வாய்க்கும்தான் தீட்டு.

அறிவியல் என்ன சொன்னது? 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுப் பணியே, பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அவர் எலிகளுக்குப் பல பகுதி மக்களின் உணவைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த சீக்கியர் உணவு உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. மதராசி அரிசி உணவு உண்டவை மிகவும் பின்தங்கின. ஆனால் 'மதராசி உணவு' என்று ஒன்று இருந்ததா? நிலவுடைமையாளரின் நெய்ச்சோறும் பண்ணையாளின் கஞ்சியும் ஒரே பெயருக்குள் அடங்குமா? வட்டாரக் கணக்கு சாதியை மறைத்துவிட்டது.

பிறகு உலகம் முழுவதும் 'புரதப் பற்றாக்குறை' பேசப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் விவரித்த குவாஷியார்கர் நோய் அதன் அடையாளமானது. புரத மாவுகளும் புரதத் திட்டங்களும் வந்தன. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் போன்றோர் வேறு உண்மையைச் சுட்டிக்காட்டினர்: நம் குழந்தைகளுக்கு முதலில் போதவில்லை மொத்த உணவே. வயிறு நிறையாதபோது உடல் புரதத்தையும் விறகாக எரித்துவிடும். எனவே டப்பாவில் விற்கும் பவுடர் பசிக்குத் தீர்வல்ல. போதிய கூலியும் போதிய சோறும்தான் முதல் தீர்வு.

ஆனால் சோறு மட்டுமே போதும் என்பதும் பொய். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு அதை ஈடுசெய்யும். கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு, நிலக்கடலை எல்லாம் நம் வானம் பார்த்த காடுகளின் பயிர்கள். 2020ஆம் ஆண்டின் ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 42 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்.

அந்த 6 கிராமுக்கும் வரலாறு உண்டு. நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிந்தது. 1989இல் கலைஞர் ஆட்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து. மத்தியப் பிரதேச அரசு 2015இல் அங்கன்வாடிகளில் முட்டை தர மறுத்ததை இதனோடு வைத்துப் பாருங்கள். சைவப் பெருமைக்கு விலை கொடுத்தவர்கள் தலித், பழங்குடிக் குழந்தைகள்.

இங்கும் கதை முடியவில்லை. சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முடக்கினர். 2017இல் ஒன்றிய அரசு சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. நமக்கு அடுத்த மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைதான் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மாட்டுச் சந்தையை மூடினால் முதலில் காலியாவது ஏழையின் தட்டு.

ஆகவே தோழர்களே, புரதம் பற்றிப் பேசுவது உடற்பயிற்சிக் கூடத்துப் பேச்சு அல்ல. உங்கள் ஊர்ப் பள்ளியில் முட்டை ஐந்து நாளும் வருகிறதா, அதைச் சமைப்பவர் யார், ஆதிதிராவிடர் நல விடுதியில் கறி எத்தனை நாள் போடுகிறார்கள், அங்கன்வாடியில் குழந்தைகள் ஒரே வரிசையில் அமர்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். கிடைக்காததற்கு மனு கொடுங்கள். மாட்டுக்கறி உண்பதைப் பற்றிச் சத்தமாகவே பேசுங்கள்.

ஜெய் பீம்.