இலத்தீன் பயிற்சியும் உழைப்பின் மொழியும்: எல்ஃப்ரிக்கின் 'உரையாடல்' நூலை முன்வைத்து

முன்னுரை

இடைக்கால ஐரோப்பாவில் இலத்தீன் வழிபாட்டுக்கும் கல்விக்கும் உரிய மொழியாக விளங்கியது. ஏரும் வலையும் பிடித்தோர் அதைப் பேசவில்லை. எனினும், ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்தின் துறவுமடச் சிறுவர்கள் இலத்தீனில் பேசப் பழகியபோது, அவர்களுக்குப் பேசுபொருளாகத் தரப்பட்டவற்றுள் ஒன்று உழைக்கும் மக்களின் அன்றாட வேலை. கி.பி. 1000-ஐ ஒட்டி எல்ஃப்ரிக் இயற்றிய 'உரையாடல்' என்னும் பயிற்சிநூல் பணியுறவுகளை எவ்வாறு காட்டுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலின் அமைப்பு

சேர்ன் மடத்தில் துறவியாக வாழ்ந்த எல்ஃப்ரிக், 1005-இல் எய்ன்ஷம் மடத்தின் தலைவரானார். இலத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதியவரும் இவரே. 'உரையாடல்' நூலில் ஆசிரியர் வினவ, மாணவர்கள் உழவன், ஆயன், மாட்டுக்காரன், வேட்டைக்காரன், மீனவன், வணிகன், சமையற்காரன் முதலியோராகப் பாத்திரமேற்று விடையளிக்கின்றனர். தன்மை வினைவடிவங்களும் தொழிற்கருவிகளின் பெயர்களும் இதன்வழி மனத்தில் பதிகின்றன. 11-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்றில் வரிகளுக்கிடையே பழைய ஆங்கிலப் பொருளும் எழுதப்பட்டுள்ளது.

பணியுறவுகள்

கருவிகளோடு உறவுகளும் இங்குப் பாடமாகின்றன. கடுங்குளிரிலும் வீட்டில் தங்க உழவன் துணிவதில்லை. தலைவன்மீதுள்ள அச்சமே காரணம். நாளொன்றுக்கு ஓர் ஏக்கரேனும் அவன் உழுதாக வேண்டும். உடனுழைப்பவரைக் குறிக்கும் 'சோசியுஸ்' என்னும் சொல்லால் ஆசிரியர் வினவும்போது, தாற்றுக்கோலால் எருதுகளை ஓட்டும் சிறுவனை உழவன் சுட்டுகிறான். குளிராலும் கூச்சலாலும் அவன் குரல் கம்மியிருக்கிறது. உழவன் அவிழ்த்துவிடும் எருதுகளை மாட்டுக்காரன் இரவெல்லாம் காத்து, விடியலில் அவனிடமே ஒப்படைக்கிறான். மன்னனின் வேட்டைக்காரனோ உணவும் உடையும் பெறுகிறான். சிலபோது குதிரையும் பெறுகிறான்.

இறுதியில், எத்தொழில் உயர்ந்தது என்னும் விவாதம் எழுகிறது. இறைத்தொண்டை முதலாவதாகவும், உலகியல் தொழில்களுள் உழவை முதன்மையாகவும் அறிவுரையாளர் வைக்கிறார். கொழு எங்கிருந்து கிடைக்கிறது என்று கொல்லன் மறுக்கிறான். அவரவர் தொழிலை அவரவர் செய்து இணக்கமாக வாழவேண்டும் என்பதே முடிவாகிறது.

சான்றின் எல்லை

தன் உழைப்பின் கடுமைக்கு உழவன் கூறும் காரணம், தான் உரிமையுடையவன் அல்லன் என்பதே. அறிவுரையாளரின் தீர்ப்பு இதைத் தொடவில்லை. உழவுக்கு முதலிடம் கிடைக்கிறது; உழவனின் நிலை மாறவில்லை. எனவே அவ்விணக்கத்தை உழைப்போரின் ஒப்புதலாகக் கொள்ள இயலாது. அது துறவி ஒருவர் எழுதி, சிறுவர்கள் ஒப்பித்த பாடம். மடத்தின் ஒழுங்குநோக்கே அதில் வெளிப்படுகிறது எனலாம்.

முடிவுரை

மொழிப்பயிற்சி நூல்களைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது, பேசும் பாத்திரத்தையும் பேசவைத்தவரையும் பிரித்தறிதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், வினைவடிவப் பயிற்சிக்காக எழுதப்பட்ட விடை ஒன்றில் அடிமையுழைப்பு பற்றிய தெளிவான கூற்று பதிவாகியிருப்பது புலனாகிறது. அக்கூற்றை உழவனின் சொந்தக் குரலாகக் கொள்ள இயலாது. ஆனால் அவன் நிலையை மடத்தார் அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்றாகிறது.