லூயிஸ் கரோலின் புகைப்படக் கருவியும் விளையாட்டு எழுத்தும்

1856ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த 24 வயது கணித விரிவுரையாளர் ஒருவருக்கு இரண்டு புதிய பொருள்கள் கிடைத்தன. ஒன்று ஒரு புனைபெயர். மற்றொன்று ஒரு புகைப்படக் கருவி. அவர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்சன். தம் பெயரின் முதல் இரண்டு பகுதிகளை இலத்தீனாக்கி, முன்பின்னாக மாற்றி, மீண்டும் ஆங்கிலமாக்கி ‘லூயிஸ் கரோல்’ என்ற பெயரை உருவாக்கினார். ‘தி டிரெயின்’ என்ற இதழின் ஆசிரியர் எட்மண்ட் யேட்ஸ், டாட்சன் அனுப்பிய நான்கு பெயர்களிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்தார். அதே மாதம் 18ஆம் நாள் டாட்சன் தம் நண்பர் ரெஜினால்ட் சௌதியுடன் லண்டன் சென்று, தாமஸ் ஓட்டவில் என்பவரின் கடையில் கேமரா ஒன்றை வாங்க ஏற்பாடு செய்தார். லென்ஸ் முதலியவற்றோடு அதன் விலை ஏறத்தாழ 15 பவுண்டு.

‘அற்புத உலகில் ஆலிஸ்’ எழுதியவராக உலகம் அறிந்த கரோல், 24 ஆண்டுகள் விடாமல் படம் எடுத்த புகைப்படக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டுமே அவருக்குத் தொழில் அல்ல. கல்லூரியில் கணிதம் கற்பித்ததே அவருக்குச் சோறு போட்டது. ஆனால் இந்த இரண்டு பொழுதுபோக்குகளையும் தனித்தனியே பார்த்தால் ஆலிஸ் கதை எங்கிருந்து வந்தது என்பது விளங்காது.

வீட்டுக் கையெழுத்து இதழ்கள்

டாட்சன் 1832 சனவரி 27 அன்று செஷயர் மாவட்டத்தின் டார்ஸ்பரியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தோர் பத்துப் பேர். ஆண்மக்களில் இவரே மூத்தவர். 1843இல் குடும்பம் யார்க்ஷயரின் கிராஃப்ட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தம்பி தங்கைகளை மகிழ்விப்பதற்காக அவர் கையெழுத்து இதழ்கள் நடத்தினார். 13 வயதில் எழுதிய முதல் தொகுப்பிலேயே பெரியவர்களின் அறிவுரைப் பாடல்களைக் கேலி செய்திருக்கிறார். ‘ரெக்டரி அம்ப்ரெல்லா’, ‘மிஷ்மாஷ்’ போன்ற இதழ்கள் பின்னர் வந்தன. அவற்றில் கதை, கவிதை, படம், புதிர், போலி ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் கலந்திருக்கும். அவருக்குத் திக்குவாய் இருந்தது. அந்தக் குறை வாழ்நாள் முழுதும் அவரை வாட்டியது. எழுத்தில் மட்டும் அவர் நாக்கு எங்கும் தடுக்கவில்லை.

புகைப்பட ஆர்வத்தை ஊட்டியவர் தாய்மாமன் ஸ்கெஃபிங்டன் லட்விட்ஜ். கேமரா கைக்கு வருமுன்பே, 1855இல், டாட்சன் அதைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கதை எழுதிவிட்டார் என்பது வேடிக்கை. அந்தக் கதையில் ஓர் இயந்திரம் மனித மூளையில் எழும் எண்ணங்களைத் தாளில் பதிவு செய்கிறது. அறிவு மந்தமான ஓர் இளைஞனின் எண்ணத்தை எடுத்தால் உப்புச்சப்பில்லாத நாவல் ஒன்று வருகிறது. அதே தாளை இரசாயனத்தில் மேலும் ‘கழுவினால்’ நடை வலுப்பெறுகிறது; இன்னும் கழுவினால் இடிமுழக்கமாக மாறிவிடுகிறது. அக்கால நாவல்களைக் கிண்டல் செய்யப் புகைப்பட இருட்டறையின் சொற்களையே அவர் எடுத்துக்கொண்டார்.

கண்ணாடியும் கறுத்த விரல்களும்

இன்று படம் எடுப்பது விரல் தொடும் வேலை. டாட்சன் தொடங்கிய காலத்தில் அது அரை இரசாயனவியல். ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறைதான் அப்போது புழக்கத்தில் இருந்தது. ஆர்ச்சர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. அதனால் பொழுதுபோக்காளர்களும் எளிதில் அதைக் கையாள முடிந்தது.

எளிதில் என்பது செலவைப் பற்றிய சொல். வேலையைப் பற்றியது அன்று. முதலில் கண்ணாடித் தகட்டைத் தூசு துரும்பு இல்லாமல் துடைக்க வேண்டும். வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்துச் செய்த பிசுபிசுப்பான கொலோடியனை அதன்மேல் ஊற்றி, தகட்டை நாற்புறமும் சாய்த்து, மூலை முடுக்கெல்லாம் சீராகப் பரவச் செய்ய வேண்டும். பிறகு இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் அமிழ்த்த வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே கேமராவில் பொருத்திப் படம் எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி உருத்துலக்க வேண்டும். தகடு காய்ந்தால் எல்லாம் வீண். ஒளி குறைந்த இடங்களில் அரை நிமிடத்துக்கும் மேல் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. சில்வர் நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப் போகும்; கறை நாள்கணக்கில் நீங்காது. வெளியூர் செல்லும்போது கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், புட்டிகள் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கூடவே போயின.

இந்த அல்லலை அவர் 1857 டிசம்பரில் ‘தி டிரெயின்’ இதழில் ஒரு கவிதையாக்கினார். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் ‘ஹியாவதா’ காவியம் அப்போது பெரும் புகழ் பெற்றிருந்தது. அதன் சந்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, காவியத் தலைவனை ஒரு குடும்பப் புகைப்படக்காரனாக மாற்றினார். தந்தை நெப்போலியனைப் போல் நிற்க விரும்பிப் படத்தைக் கெடுக்கிறார். தாய் நகைகளைப் பூட்டிக்கொண்டு வந்து, படம் முடியும்வரை ஓயாமல் பேசுகிறாள். கல்லூரியில் படிக்கும் மூத்த மகன் ரஸ்கினின் அழகியலைப் படித்துவிட்டு உடம்பை வளைத்து வளைத்து நிற்கிறான். ஒருவர் படமும் தேறவில்லை. கடைசியில் எல்லோரையும் கும்பலாக நிறுத்தி எடுத்த படம் மட்டும் அச்சு அசலாக வருகிறது. அதைப் பார்த்ததும் குடும்பமே கொதித்தெழுகிறது. தங்கள் முகம் தங்கள் முகமாகவே இருப்பதை யாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கவிதைக்கு முன்னால் வரும் சிறிய உரைநடை முன்னுரையில், இந்தச் சந்தத்தில் எவரும் மணிக்கணக்காக எழுதலாம் என்கிறார். அந்த முன்னுரையும் அதே சந்தத்தில்தான் அமைந்திருக்கிறது என்பதை வாசகர் சற்றுத் தாமதமாகவே உணர்வார்.

டீன் மாளிகைத் தோட்டம்

1856 ஏப்ரல் 25 அன்று டாட்சனும் சௌதியும் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தைப் படம் எடுப்பதற்காக டீன் மாளிகைக்குச் சென்றனர். டாட்சனின் கேமரா இன்னும் வந்து சேரவில்லை. பேராலயப் படம் சரியாக வரவில்லை. ஆனால் டீன் ஹென்றி லிடெலின் மூன்று சிறுமிகள் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்களைப் படத்தின் முன்புறத்தில் நிறுத்த முயன்றபோது பொறுமையாக நிற்கவில்லை என்று நாட்குறிப்பு சொல்கிறது. ஆனாலும் மறக்க முடியாத நாள்களுக்கு அவர் இடும் ‘வெள்ளைக் கல்’ அடையாளத்தை அன்றைக்கு இட்டார். நான்கு வயது நிரம்பச் சில நாள்களே இருந்த ஆலிஸ் அந்த மூவரில் ஒருத்தி.

பிற்காலத்தில் ஆலிஸ் தன் நினைவுகளைச் சொன்னபோது, டாட்சனின் அறையில் பெரிய சோபாவில் அவருக்கு இருபுறமும் அமர்ந்து கதை கேட்டதை விவரித்தார். அவர் பேசிக்கொண்டே பேனாவால் படம் வரைந்து காட்டுவார். சிறுமிகள் கதையில் மூழ்கி உற்சாகமானதும் கேமராவின் முன் உட்கார வைத்து, அந்த மனநிலை கலையுமுன் படம் எடுத்துவிடுவார். இருட்டறைக்குள் நுழைந்து கண்ணாடித் தகட்டில் உருவம் மெல்ல எழுவதைப் பார்ப்பது அவர்களுக்குக் கிடைத்த பரிசு. டாட்சனின் கலையை விளக்க இந்த ஒரு நினைவு போதும். பிள்ளைகளை அசையாமல் இருக்கச் செய்யும் வழியாகக் கதை இருந்தது. கதைக்குப் புதிய கேட்போரைத் தேடித் தரும் வழியாகக் கேமரா இருந்தது.

1862 சூலை 4 அன்று டாட்சனும் ராபின்சன் டக்வொர்த்தும் லொரினா, ஆலிஸ், ஈடித் ஆகிய மூவரையும் படகில் ஏற்றி, ஃபாலி பாலத்திலிருந்து காட்ஸ்டோ வரை துடுப்பு வலித்துச் சென்றனர். வழியில் அவர் கட்டிய கதையில் ஒரு சிறுமி முயல் வளைக்குள் விழுந்தாள். அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியாமல்தான் அவளை உள்ளே அனுப்பியதாகப் பின்னாளில் எழுதினார். எல்லோரும் அதைப் பொன்வெயில் நாளாகவே நினைவில் வைத்திருந்தனர். வானிலைப் பதிவுகளைப் புரட்டியவர்களோ அன்று ஆக்ஸ்போர்டில் மழை பதிவாகியிருப்பதைக் கண்டனர். கதையை எழுதித் தரும்படி ஆலிஸ் கேட்டாள். அவள் கேட்காமல் இருந்திருந்தால், அவர் சொன்ன எத்தனையோ கதைகளைப் போல அதுவும் ஆற்றோடு போயிருக்கும்.

புகைப்படமும் ஆலிஸ் நூல்களும் எந்த அளவுக்குப் பிணைந்துள்ளன என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர். ஆலிஸ் பெரிதாவதும் சிறிதாவதும் கேமரா தந்த கற்பனை என்பது சற்று இழுத்துப் பிடித்த வாதம்; உருவம் மாறுவது உலகெங்கும் பழங்கதைகளில் உண்டு. 1871இல் வந்த ‘கண்ணாடி வழியே’ நூலைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கணக்காகத் தேய்ப்புக் கண்ணாடியில் தலைகீழான உலகத்தையும், நெகடிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறியதையும் பார்த்துப் பழகிய ஒருவருக்கு, எல்லாமே இடவலம் மாறிய நாடு எளிதில் தோன்றியிருக்கும்.

இரு வேறு கண்கள்

டாட்சனின் கேமரா குழந்தைகளோடு நிற்கவில்லை. 1857இல் கவிஞர் டென்னிசனையும், 1863இல் ரோசெட்டி குடும்பத்தையும், 1865இல் நடிகை எலன் டெரியையும் அவர் படம் எடுத்தார். பெரிய மனிதர்களை அணுகக் கூச்சப்பட்ட அவருக்குக் கேமரா ஒரு நுழைவுச் சீட்டாகப் பயன்பட்டது.

1864இல் வைட் தீவில் ஜூலியா மார்கரெட் கேமரன் அவருக்குத் தம் படங்களைக் காட்டினார். கேமரன் அம்மையார் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசளித்த கேமராவால் இக்கலையில் இறங்கியவர். வேண்டுமென்றே உருவங்களை மங்கலாக எடுப்பது அவர் பாணி. சில படங்கள் மிக அழகு, சில விகாரம் என்று டாட்சன் தம் சகோதரிக்கு எழுதினார். உங்கள் பிள்ளைகளை என் முறையில் மங்கலாக எடுக்க ஆசை என்று கேமரன் சொல்ல, உங்கள் பிள்ளைகளைத் தெளிவாக எடுக்க எனக்கு ஆசை என்று இவர் பதில் சொன்னாராம். 1872இல் வளர்ந்த ஆலிஸைப் படம் எடுத்தவரும் கேமரன்தான். 1875இல் அவர் இலங்கைக்குச் சென்று, அங்குள்ள மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படம் எடுத்தார். 1879இல் காலமாகி மலையகத்தின் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

குறிப்பேடும் இருட்டும்

டாட்சனின் எழுத்துகள் பெரும்பாலும் திட்டமிட்டு எழுந்தவை அல்ல. 1874 சூலையில் கில்ஃபோர்டில் நோயுற்ற உறவினர் ஒருவரை இரவெல்லாம் கவனித்துவிட்டு, மறுநாள் தனியாக நடக்கப் போனபோது, பொருள் விளங்காத ஒற்றை வரி ஒன்று மனத்தில் உதித்தது. அதைக் குறித்துக்கொண்டார். அதைக் கடைசி வரியாக வைத்து, ஓரிரு ஆண்டுகளில் ‘ஸ்னார்க் வேட்டை’ என்ற நீண்ட கவிதையைப் பின்னோக்கிக் கட்டினார். ‘சில்வியும் புரூனோவும்’ நாவல் இப்படிச் சிதறிய துணுக்குகளை ஆண்டுக்கணக்காகச் சேர்த்து உருவானது. அந்த ஒட்டுவேலை நூலில் தெரியவும் செய்கிறது.

இரவில் படுக்கையில் தோன்றும் எண்ணங்களை விளக்கேற்றாமல் எழுத, 1891இல் ‘நிக்டோகிராஃப்’ என்ற அட்டையைச் செய்தார். சதுரத் துளைகள் வெட்டிய அட்டை அது. ஒவ்வொரு துளையிலும் புள்ளியும் கோடுமாக அவரே அமைத்த எழுத்துருவை இருட்டில் எழுதலாம். ஒரு சொல்லில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றி வேறொரு சொல்லை அடையும் ‘டப்ளெட்ஸ்’ விளையாட்டை 1877 கிறிஸ்துமஸில் இரண்டு சிறுமிகளுக்காக உருவாக்கினார். 1879இல் அது ‘வேனிட்டி ஃபேர்’ இதழில் போட்டியாக வெளிவந்தது. தமிழில் ஆடிப் பார்த்தால் ‘மரம்’ மனமாகி, ‘மனம்’ வனமாகும்.

நிழலான பக்கங்கள்

1863 சூன் இறுதியில் லிடெல் குடும்பத்துக்கும் டாட்சனுக்கும் இடையே விரிசல் ஏற்பட்டது. அந்த நாள்களுக்குரிய நாட்குறிப்புத் தாள் வெட்டப்பட்டிருக்கிறது. 13 நாட்குறிப்பு ஏடுகளில் நான்கு காணாமற்போயின. பழைய நெருக்கம் திரும்பவே இல்லை. அவர் சில சிறுமிகளைப் பெற்றோர் அனுமதியுடன் ஆடையின்றியும் படம் எடுத்தார். தம் இறப்புக்குப் பின் அவற்றை உரியவர்களிடம் திருப்பித் தரவோ அழிக்கவோ வேண்டும் என்று கூறியிருந்தார். எஞ்சியவை மிகச் சில. குழந்தையின் ஆடையற்ற உருவத்தைத் தூய்மையின் சின்னமாக அக்கால மேல்தட்டு மக்கள் கருதினர் என்று விளக்குவோர் உண்டு. அந்த விளக்கம் இன்றைய வாசகரின் அமைதியின்மையைப் போக்குவதில்லை. போக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. படம் எடுக்கப்பட்ட சிறுமிகள் என்ன நினைத்தார்கள் என்பதற்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் அவர்கள் முதுமையில் சொன்னவை.

1880 சூலைக்குப் பின் அவர் படம் எடுக்கவில்லை. உலர்தகடுகள் சந்தைக்கு வந்து கைவேலை குறைந்த காலம் அது. அவர் எடுத்த ஏறத்தாழ 3,000 படங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவே இன்று கிடைக்கின்றன. 1898 சனவரி 14இல் அவர் மறைந்தபோது புகைப்படக்காரராக அவரை நினைத்தவர் குறைவு. 1949இல் ஹெல்மட் கெர்ன்ஷைம் எழுதிய நூல்தான் அந்த முகத்தை மீட்டது.

ஆலிஸுக்காகத் தம் கையால் எழுதி, 37 படங்கள் வரைந்த பிரதியை டாட்சன் 1864 நவம்பர் 26 அன்று அவளுக்கு அனுப்பினார். ஆலிஸ் தம் 75ஆம் வயதில், கணவரை இழந்த பின், 1928இல் அதை ஏலத்தில் விற்றார். 15,400 பவுண்டுக்குப் போன அந்தப் பிரதி அமெரிக்கா சென்று, 1948இல் பிரித்தானிய மக்களுக்கு நன்கொடையாகத் திரும்பி வந்தது. இப்போது பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதன் கடைசிப் பக்கத்தில் ஆலிஸின் முட்டை வடிவப் புகைப்படம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. 1977இல் ஆய்வாளர் மார்ட்டன் கோஹன் அதன் அடியில் வேறொன்று மறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். டாட்சன் முதலில் அந்த இடத்தில் ஆலிஸின் முகத்தைப் பேனாவால் வரைந்திருந்தார். அதில் நிறைவு ஏற்படாமல் அதன்மேல் தாம் எடுத்த புகைப்படத்தை ஒட்டியிருக்கிறார்.