மிடி முதல் ஏ.ஐ. வரை: ஒரு கையேட்டின் கதை

படிப்பது பி.காம். என்றாலும் இன்றைக்கு வரவு செலவு கிடையாது, சங்கீதம். அதுவும் பாட்டைப் பற்றி இல்லை. பாட்டு தயாரிக்கும் மென்பொருளை வெளியிலிருந்து இன்னொன்று இயக்குகிறதே, அது எப்படி வந்தது என்பதைப் பற்றி.

இப்போது "ஒரு டிரம்ஸ் ட்ராக் போடு, சத்தத்தைக் கொஞ்சம் குறை" என்று எழுதினால், ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் ஏபிள்டன் லைவ் மென்பொருளுக்குள் போய் அதைச் செய்கிறது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. எந்தக் கட்டளைக்கு என்ன நடக்கும் என்று யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வரலாறே அப்படி எழுதி வைத்தவர்களின் வரலாறுதான்.

1980 வாக்கில் ஒரு கம்பெனியின் சிந்தசைசர் இன்னொரு கம்பெனியின் சிந்தசைசரோடு பேசாது. ஆளுக்கொரு முறை. 1981-ல் அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஸ்மித்தும் சேட் வுட்டும், எல்லோருக்கும் பொதுவாக ஓர் இணைப்பு வேண்டும் என்று கட்டுரை வாசித்தார்கள். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனர் இகுடாரோ ககேஹாஷிக்கும் அதே எண்ணம். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த நாம் கண்காட்சியில் ஸ்மித்தின் புராஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் கட்டையை அழுத்தினால் மற்றதிலும் சத்தம் வந்தது! அதே ஆண்டு மிடி 1.0 வெளியானது.

அதில் ஒரு கட்டையை அழுத்துவதைச் சொல்ல மூன்றே எண்கள். எந்தச் செயல் எந்தச் சேனலில், எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், அவ்வளவுதான். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண். நடு 'சி' கட்டை 60. ஆனால் அந்த 60-ஐ எந்த எண்ணோடு சேர்த்துக் கூப்பிடுவது என்பதில் கம்பெனிகள் ஒத்துப்போகவில்லை. யமஹாவுக்கு அது சி3, ரோலண்டுக்கு சி4. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காமர்ஸ்காரனான என்னை அசத்தியது வேறு. இதற்கு யாரும் ராயல்டி கேட்கவில்லை. போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே தாளைப் பார்த்துச் சாதனம் செய்தார்கள், சந்தையே பெரிதானது. 2013-ல் ஸ்மித்துக்கும் ககேஹாஷிக்கும் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள். தாமதம்தான் :-)

1997-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓ.எஸ்.சி. என்று ஒன்று வந்தது. எண்ணுக்குப் பதிலாக மனிதர் படிக்கக்கூடிய பெயர்களை முகவரியாக வைத்தது. நல்ல யோசனை, ஆனால் எந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பதை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது.

லைவ் கதை இன்னும் சுவாரஸ்யம். பெர்லினில் உருவான இந்த மென்பொருளின் முதல் பதிப்பு 2001-ல் வந்தது. பிறகு வெளிச் சாதனங்களுக்காக அதற்குள் பைத்தான் மொழியில் ரிமோட் ஸ்கிரிப்டுகள் வைத்தார்கள். கதவு இருந்தது, அதற்குக் கையேடு தரவில்லை. பயனர்கள் சும்மா இருப்பார்களா? தொகுக்கப்பட்ட கோப்புகளைப் பிரித்து, எந்த வரி என்ன செய்கிறது என்று தாங்களே எழுதி வைத்தார்கள். 2009-ல் மேக்ஸ் ஃபார் லைவ் வந்தபோதுதான் அதிகாரபூர்வ விவரம் ஓரளவு கிடைத்தது. ரீப்பர் இதற்கு நேர் எதிர். அதன் ஸ்கிரிப்ட் கட்டளைகளின் விளக்கம் மென்பொருளின் ஹெல்ப் மெனுவிலேயே இருக்கிறது.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலை வெளியிட்டது. ஏ.ஐ.க்குத் தரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், என்னென்ன மதிப்பு கொடுக்க வேண்டும் என்ற விவரம். அடுத்த ஆண்டே லைவுக்கு இப்படிக் கருவிகள் வந்துவிட்டன. உள்ளே போக அவை பயன்படுத்துவது அதே பழைய ரிமோட் ஸ்கிரிப்ட் கதவைத்தான்!

இங்கேதான் ஒரு பெரிய மாற்றம். முன்பு கையேட்டைப் படித்தது மனிதன். தப்பாக இருந்தால் காதால் கேட்டுத் திருத்திக்கொள்வான். இப்போது படிப்பது ஏ.ஐ., அதற்கு அந்த நாலு வரிதான் உலகம். லைவின் திரையில் ட்ராக்குகள் 1-லிருந்து தொடங்கும், உள்ளே 0-லிருந்து. விளக்கத்தில் இதைச் சொல்லாவிட்டால் "மூன்றாவது ட்ராக்கை நீக்கு" என்றதும் நான்காவது காணாமல் போகலாம். சத்தத்தின் அளவு உள்ளே 0 முதல் 1 வரை. ஆனால் 0 டெசிபெல் என்பது 1 இல்லை, 0.85. 1 வைத்தால் அதைவிட 6 டெசிபெல் கூடுதல். ஹெட்போனில் இருப்பவர் பாவம்.

அந்த 60 ஞாபகம் இருக்கிறதா? லைவ் யமஹா கட்சி, 60-ஐ சி3 என்றுதான் காட்டும். திரையைப் பார்த்து நீங்கள் "சி3 வை" என்கிறீர்கள். ஏ.ஐ. ரோலண்ட் கணக்குப்படி 48-ஐ வைத்தால் ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். 1983-ல் முடிவு செய்யாமல் விட்டதை இன்று கருவி எழுதுபவர் தன் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது: "லைவில் 60 என்பது சி3."