கண் தந்தவர்களும் கண் அச்சிடுவோரும்

மாத்தளையிலிருந்து மலையேறும் பாதையில் அமைந்துள்ளது இரத்தோட்டை. தேயிலை, மிளகு, ஏலம் என்று செடிகொடிகளோடு வாழும் மக்களின் ஊர். இத்தகைய வேலையில் ஒரு சுள்ளி கண்ணைக் கீறினால், அக்காயத்தில் பூஞ்சை பற்றி, விழிவெண்படலம் மங்கிப் பார்வை பறிபோகக்கூடும். தமிழகத்தார் கருவிழி என்பது இதனையே. மருந்து கைவிட்ட பின், இன்னொருவரது படலத்தைப் பொருத்துவதே வழி.

அவ்வழி திறந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. 1905 டிசம்பரில், இன்று செக் நாட்டிலுள்ள ஒலமொக் நகரில், எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் முதல் வெற்றியைக் கண்டார். காயத்தால் அகற்றப்பட்ட ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து அப்படலம் கிடைத்தது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் தோன்றியது. அதன் பின்னணியில் நின்றவர் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா.

இலங்கையில் இதனை மக்கள் இயக்கமாக்கியவர் டாக்டர் ஹட்சன் சில்வா. 1950களின் இறுதியில் 'லங்காதீப' பத்திரிகை வழியாக அவர் விடுத்த வேண்டுகோளே தொடக்கம். 1960இல் அவரது தாயார் காலமானபோது, அவரது கண்கள் ஓர் ஏழை விவசாயிக்கு ஒளி தந்தன. 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் பிறந்தது. 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அவை சென்றன. பௌத்த சாதகக் கதையில் சிபி மன்னன் தன் கண்களையே ஈந்தான். நம் கண்ணப்ப நாயனாரும் கண்ணை இடந்து அப்பினார். கேட்ட மனங்கள் ஏற்கெனவே பண்பட்டிருந்தன.

இப்போது கண்ணை அச்சிடும் காலம் வந்திருக்கிறது. உயிரணுக்களைக் கூழ் போன்ற ஊடகத்தில் கலந்தால் அது உயிரி மை. அதனை நுண்ணூசி வழியே அடுக்கடுக்காக இட்டு இழையத்தை உருவாக்குகின்றனர். மை நீர்த்தால் வடிவம் குலையும். மிகவும் இறுகினால் ஊசியின் அழுத்தத்தில் உயிரணுக்கள் மடியும். இரத்த நாளங்கள் இல்லாத விழிவெண்படலம் இம்முயற்சிக்கு இசைவானது.

2018இல் பிரித்தானியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் கடற்பாசியில் கிடைக்கும் அல்ஜினேட், கொலாஜன், குருத்தணுக்கள் ஆகியவற்றால் ஒரு படலத்தை அச்சிட்டனர். 2022இல் ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம், இந்தியத் தொழில்நுட்பக் கழகம், உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையம் ஆகியன இணைந்து அச்சிட்ட படலம் முயலின் கண்ணில் பொருத்தப்பட்டது. 2025 அக்டோபரில் இஸ்ரேலின் ஹைபா நகரில் ஒரு மனிதருக்கே அச்சிட்ட படலம் பொருத்தப்பட்டது.

அப்படியானால் இனிக் கண்தானம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். ஐதராபாத்தின் மை எதிலிருந்து பிறந்தது என்பதைப் பார்த்தால் விடை புரியும். மனிதரின் விழிவெண்படலத்திலிருந்து உயிரணுக்களை நீக்கி, எஞ்சிய சட்டகத்தைக் கூழாக்கி, மனிதக் கண்ணின் குருத்தணுக்களைச் சேர்த்தே அதனை ஆக்கினர். ஹைபாவிலும் கொடையாளியின் கண்ணிலிருந்து எடுத்த உயிரணுக்களே வளர்த்துப் பெருக்கப்பட்டன. ஒருவரது கொடையைப் பலருக்குப் பகிர்வதே இத்தொழில்நுட்பத்தின் நோக்கம். கொடையாளி இன்றி அம்மைக்கு மூலமே இல்லை.

அச்சிட்ட படலம் மலையகத்து மருத்துவமனைகளை எட்டக் காலம் எடுக்கும். அதுவரை, இறந்த சில மணி நேரத்துள் எடுக்கப்படும் கண்களே இரத்தோட்டைத் தொழிலாளிக்கும் நம்பிக்கை. படிவத்தில் ஒப்பமிட்டால் போதாது. அவ்விருப்பத்தை வீட்டாரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.