கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்த பிள்ளைகளும், நூறு வருடம் எடுத்த பட்டமும்

பட்டமளிப்பு விழாக் காலம். முகநூலைத் திறந்தால் கறுப்பு அங்கிகள்தான். மகன் நடுவில், வாப்பா ஒரு பக்கம், உம்மா மறுபக்கம். சில படங்களில் மகன் தன் அங்கியைக் கழற்றி வாப்பாவின் தோளில் போட்டுவிட்டு நிற்கிறான். ஊர்கள் வேறு, முகங்கள் வேறு. மேலே எழுதப்படும் வசனம் மட்டும் ஒன்றுதான்: "நேத்துத்தான் ஒன்றாம் வகுப்புல சேர்த்த மாதிரி இருக்கு. கண்ண மூடித் தொறக்கிறத்துக்குள்ள மகன் வளந்திட்டான்."

வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு இந்த வசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். எங்கள் மூத்தாப்பாமார் வாயிலிருந்து இதை நாம் கேட்டதே இல்லை. அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். எந்தப் பிள்ளை எப்போது வளர்ந்தது என்று அவர்கள் திகைத்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் இந்தத் திகைப்பு எங்கிருந்து வந்தது?

எண்பது, தொண்ணூறு வருடங்களுக்கு முந்திய எங்கள் கிழக்குக் கரையை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயதில் பொடியன் லெப்பையிடம் ஓதப் போவான். குர்ஆனை ஓதி முடித்தால் வீட்டில் விசேஷம். புதுச் சாறன், தொப்பி, அயலவர்க்குச் சோறு. அந்தத் 'தமாம்' நாள்தான் அவனுடைய பட்டமளிப்பு விழா. அதற்குப் பிறகு அவன் வட்டைக்குப் போவான், வெள்ளாமைக்குக் காவல் இருப்பான். கடற்கரைப் பிள்ளை கரைவலைக் கயிற்றில் கை வைப்பான். மருதமுனைப் பிள்ளை என்றால் தறியடியில் இருப்பான். பதினைந்து வயதில் அவன் பாதி மனிதன், இருபதில் முழு மனிதன். வாப்பா பக்கத்திலேயே நின்று வேலை செய்கிறார். மகனின் மீசை அரும்பியதும் தோள் விரிந்ததும் அவர் கண் முன்னால் நடந்தது. திகைக்க அதில் என்ன இருக்கிறது?

அந்த வாழ்க்கையை நாம் அழகாக்கிச் சொல்ல வரவில்லை. அந்தப் பொடியன்களில் எத்தனையோ பேர் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைத்தே வாழ்ந்து முடித்தார்கள். படிப்பு என்ற பாதையே அவர்களுக்கு இருக்கவில்லை.

பாதை கொழும்பிலும் கண்டியிலும்தான் முதலில் வெட்டப்பட்டது. கண்டியில் பிறந்த சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று வாரா வாரம் மன்றாடினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே வாழ்ந்த ஒராபி பாஷாவும், வாப்புச்சி மரிக்காரும் அவருக்குத் துணை நின்றார்கள். 1892இல் மருதானையில் ஸாஹிரா பிறந்தது. ஆனால் பள்ளிக்கூடம் வேறு, பட்டம் வேறு. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்த பிறகும் பட்டம் இலண்டன் பல்கலைக்கழகத்துடையதாகவே இருந்தது. படிப்பும் பரீட்சையும் ஆங்கிலத்தில். அதற்குப் பணமும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். வட்டைக் காவலில் இருந்த பொடியனிடம் இரண்டும் இல்லை.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஏ.எம்.ஏ. அஸீஸ், 1911இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் மாணவர். பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்து, 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதலாவது முஸ்லிம். 1942இல், உலக யுத்தத்தால் அரிசி வரத்து நின்றிருந்த காலத்தில், உணவு உற்பத்தியைக் கூட்டுவதற்காக அவரை உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பினார்கள். வந்த வேலை நெல். ஆனால் வயலில் நின்ற பிள்ளைகளையும் அவர் கவனித்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் காசில்லாமல் வரம்பிலேயே நின்றுவிடுவதைக் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது அவருடைய முயற்சியில்தான். 1948இல் சிவில் சேவையை விட்டு விலகி ஸாஹிராவின் அதிபரானார். அந்த நாளில் சிவில் சேவை என்றால் என்ன மதிப்பு என்று தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய முடிவு என்பது விளங்கும். 1961 வரை அவர் அங்கே இருந்தார். கிழக்கிலிருந்து வந்து அவருடைய காலத்தில் ஸாஹிராவில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் பலர்.

அதே ஆண்டுகளில் நாடும் மாறிக்கொண்டிருந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம், ஆயிரத்துக்கும் குறைந்த மாணவர்களோடு. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி. 1952இல் பேராதனை. 1960 அளவில் கலைப் பாடங்களைத் தாய்மொழியில் படித்தே பல்கலைக்கழகம் போகலாம் என்றானது. எங்களைக் கேட்டால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதவு உண்மையில் திறந்தது இந்தக் கடைசி ஆண்டில்தான். அதற்கு முன்னர் திறந்தவை எல்லாம் வெளிக் கேற்றுகள்.

கதவு திறந்த பிறகுதான் 'பிள்ளை' என்ற காலமே நீளத் தொடங்கியது. முன்பு பதினைந்தில் முடிந்த பிள்ளைப் பருவம் ஓ.எல். என்று பதினாறுக்குப் போனது, ஏ.எல். என்று பத்தொன்பதுக்குப் போனது, கெம்பஸ் என்று இருபத்தைந்தைத் தொட்டது. இருபத்தைந்து வயதுவரை ஒருவனுக்குச் செலவழித்துக்கொண்டே இருப்பது எங்கள் மூத்தாப்பா கனவிலும் காணாத ஒன்று. அந்தச் செலவுக்குக் காசு எங்கிருந்து வரும்?

எழுபதுகளின் பிற்பகுதியில் வளைகுடா திறந்தது. சவூதி, குவைத், கட்டார். எங்கள் வாப்பாமார் போனார்கள். சாரதியாக, மேசனாக, கடைப் பொடியனாக. பல வீடுகளில் வாப்பாவுக்கு முன்னரே உம்மா போனார், வீட்டுப் பணிப்பெண்ணாக. பிள்ளையை உம்மும்மா வளர்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறை. இடையில் கடிதம், அதற்குப் பிறகு கெசட். ஊருக்கு வருகிறவர் கையில் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். இங்கே வீட்டார் சுற்றி இருந்து கேட்பார்கள். பிறகு அதே கெசட்டின் மறுபக்கத்தில் பிள்ளையைப் பேசச் சொல்வார்கள். பிள்ளை வெட்கத்தில் பேசாது. "வாப்பாக்கு ஸலாம் சொல்லுங்க மகன்" என்ற உம்மும்மாவின் குரல்தான் அதிகம் பதிவாகியிருக்கும்.

அந்த வாப்பா முதலாம் வகுப்புப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார். அடுத்தமுறை வரும்போது பிள்ளை மூன்றாம் வகுப்பு. அதற்கடுத்து ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் முடிந்திருக்கும். பிறகு ஒருநாள் விமான நிலையத்தில் தாடி அரும்பிய ஒருவன் பெட்டியைத் தூக்க வருவான். 'கண்மூடித் திறப்பதற்குள்' என்று அவர் எழுதுவது அலங்காரம் இல்லை. மகனை ஆண்டுக்கணக்கில் கண்ணால் காணாமல் இருந்த மனிதர் கொடுக்கிற கணக்கு அது. மகன் படிக்க வேண்டும் என்பதற்காகவே மகன் வளர்வதைப் பார்க்காமல் விட்டவர் அவர். பட்டமளிப்புப் படத்தில் சில வாப்பாமார் கொஞ்சம் விலகி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். அதைக் கேலி செய்யாதீர்கள்.

மகன்மாருக்கோ காலம் வேறு மாதிரி ஓடியது. சில காலம் ஓடவே இல்லை. 1987 முதல் 1990 வரை, தெற்கின் கலவர காலத்தில், நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நீண்ட மாதங்கள் மூடிக் கிடந்தன. ஏ.எல். சித்தியடைந்த பிள்ளை வீட்டுத் திண்ணையில் இருந்து தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிலர் பட்டம் முடிக்கும்போது முப்பதை நெருங்கிவிட்டார்கள்.

பிறகு 1990. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். செப்டெம்பரில் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழ் மக்களில் பலர் இராணுவத்தால் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். அஸீஸைப் பெற்ற ஊரில் ஒரு முஸ்லிம் பிள்ளையும் மிஞ்சவில்லை. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பத்து வயதுப் பிள்ளைகள் தண்ணீர் சுமந்தார்கள், கூலிக்கு உப்பளம் போனார்கள். பிள்ளைகள் வேகமாக வளர்வதைப் பற்றிப் பேசுகிறோம் அல்லவா? அவர்கள் ஒரே மாதத்தில் வளர்ந்தார்கள். அந்த வருடம் தமிழ் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் பட்டமளிப்புப் படமாக மாறாமல் போன பிள்ளைகளின் கணக்கை ஒரு வரலாற்றுப் பாடநூலிலும் நாம் காணவில்லை. படிப்பிக்கும்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். வகுப்பில் சத்தம் அடங்கிவிடும்.

யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் போய்ப் படிக்க முடியாமல் போன மாணவர்களுக்காகத்தான் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அமைச்சராக இருந்து பெற்றுக் கொடுத்தது. அடுத்த ஆண்டே, 1996 மே மாதத்தில், முழுப் பல்கலைக்கழகமானது. அது முதலில் இயங்கியது அட்டாளைச்சேனையில், ஆசிரியர் கலாசாலையின் இடத்தில். கலாசாலையில் படித்து வெளியேறிய எங்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை. பேராசிரியர் எம்.எல்.ஏ. காதர் முதலாவது உபவேந்தர். இன்று ஒலுவிலில், வயலுக்கும் கடலுக்கும் நடுவில் அந்தக் கட்டடங்கள் நிற்கின்றன. அஷ்ரஃப் 2000 செப்டெம்பரில் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விபத்தில் போய்ச் சேர்ந்தார். அரசியலில் அவரோடு உடன்படாதவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் பட்டம் வாங்கினார்கள். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் கூடத்தான்.

இப்போது இந்த வருடப் படங்களுக்கு வருவோம். 2000இல் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வயதில் சுனாமி. மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ பிறந்திருந்தால் யாரோ ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடித்தான் அவன் தப்பியிருப்பான். ஒன்பது வயதில் யுத்தம் முடிகிறது. 2019 ஓகஸ்டில் ஏ.எல். அதற்கு நாலு மாதத்துக்கு முன்னர் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். அதற்குப் பிறகு ஒரு முஸ்லிம் பொடியன் புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போவதே ஒரு பரீட்சையாக இருந்தது. பெறுபேறு வந்தது, இசட் புள்ளி வந்தது, கூடவே கொரோனாவும் வந்தது. கெம்பஸின் முதல் விரிவுரையை அவன் கைப்பேசித் திரையில்தான் பார்த்தான், சிக்னல் தேடி மொட்டைமாடியில் ஏறி நின்றுகொண்டு. 2022இல் எண்ணெய் வரிசை. 2024இல் கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தம், இரண்டு மாதத்துக்கும் மேல். இத்தனைக்கும் பிறகு அங்கி போட்டு நிற்கிறான். அவனிடம் போய் எவ்வளவு சீக்கிரம் வளர்ந்துவிட்டாய் என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வான். அவனுக்கு அது சீக்கிரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. நாட்டின் பல்கலைக்கழகங்களில் இன்று மாணவிகளே அதிகம். எங்கள் வகுப்புகளிலும் முன் வரிசை அவர்களுடையது. மகிழ்ச்சி. சித்திலெப்பை 1891இல் கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தபோது கேட்ட ஏச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் ஓ.எல். முடிந்ததும் பாடசாலையை விட்டுப் போகிற பொடியன்களை நாம் ஒவ்வொரு வருடமும் காண்கிறோம். கட்டாருக்கு, கடைக்கு, ஓட்டோவுக்கு. பதினேழு வயதில் அவன் உழைக்கத் தொடங்கிவிடுகிறான். வீட்டுக்கு அது உதவிதான், மறுக்க முடியாது. வாப்பா எந்தப் பாலைவனத்தில் நின்று மகனின் பிள்ளைப் பருவத்தை நீட்டிக் கொடுத்தாரோ, அதே பாலைவனத்துக்கு மகன் திரும்பவும் பதினெட்டு வயதில் போகிறான் என்றால், எங்கள் பக்கத்திலும் ஏதோ குறை இருக்கிறது. பாடசாலையிலும்தான். பட்டம் வாங்கியும் வேலையின்றி இருக்கும் நாநாவைக் காட்டி, "படிச்சு என்ன கண்டான்?" என்று அந்தப் பொடியன் கேட்கும்போது எங்களிடம் லேசான பதில் இல்லை.

கடைசியாக ஓர் உதவி. எங்கள் பாடசாலையில் தரம் பத்துப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சிறு செயற்றிட்டம் செய்கிறோம். உங்கள் குடும்பத்தின் முதலாவது பட்டதாரி யார், ஏ.எல். எழுதியது எந்த ஆண்டு, பட்டம் கையில் கிடைத்தது எந்த ஆண்டு, அந்த நாட்களில் வாப்பாவும் உம்மாவும் எங்கே இருந்தார்கள்? நாலே நாலு விபரம். பெயர் எழுத விருப்பமில்லாவிட்டால் ஆண்டுகளை மட்டும் எழுதுங்கள். பழைய கெசட் எதாவது அலுமாரியில் கிடந்தால் வீசிவிடாதீர்கள், அதைக் கேட்க இன்னும் வேலை செய்கிற ஒரு பிளேயர் எங்களிடம் இருக்கிறது.